விடியலில் நின்ற கதை

ஓர் எளிய நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஓர் உம்மா தன் இரண்டு காப்புகளையும் அடகு வைத்து மகளின் வகுப்புக் கட்டணத்தைக் கட்டுகின்றார். மகளுக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் உம்மாவின் வெறுங்கையைக் கண்டு, "காப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன உம்மா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று மகள் சினந்துகொள்கின்றாள். அன்றிரவு சாவி தேடி அலுமாரியைக் கிளறும்போது அடகு வைத்த துண்டு அவள் கையில் கிடைக்கின்றது. அதில் உள்ள திகதி, தான் வகுப்பில் சேர்ந்த நாளுக்கு முதல் நாள்.

இதை எப்படிச் சொல்வது? நடந்த ஒழுங்கிலேயே சொன்னால், மகள் அறியாத ஒன்றை வாசகர் முன்பே அறிந்திருப்பார். கல்யாண வீட்டில் அவள் வாய் திறக்கும்போதே, "வேண்டாம் பிள்ளை, சொல்லாதே" என்று வாசகரின் மனம் பதறும். கல்யாண வீட்டிலிருந்து தொடங்கினால் நிலைமை வேறு. வாசகரும் மகளோடு சேர்ந்து உம்மாவைக் குறை சொல்லுவார். அலுமாரியின் முன்னால் அவளோடு சேர்ந்தே வெட்கப்படுவார். உம்மாவின் வாயால் சொன்னால் அது மூன்றாவது கதை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்பதே அங்கு கதையாகிவிடும். நிகழ்வுகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் வாசகர் முதலில் பதறுகின்றார், பிறகு நாணுகின்றார், பிறகு அந்த மௌனத்தை நினைத்துக் கலங்குகின்றார்.

நடந்தவை ஒரு வரிசை. அவற்றைச் சொல்வது இன்னொரு வரிசை. 1920களில் ரஷ்யத் திறனாய்வாளர்கள் முன்னதை ஃபாபுலா என்றும் பின்னதை சியூஷெட் என்றும் பிரித்துப் பேசினர். இச்சொற்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. அவை சுட்டும் கேள்விதான் முக்கியம்: வாசகருக்கு எதை, எப்போது, யார் மூலமாகத் தெரியப்படுத்துவது? கட்டமைப்பு உத்தி என்று நாம் சொல்வதெல்லாம் இக்கேள்விக்கு எழுத்தாளர் கொடுக்கும் விடைகளே. உவமை, வர்ணனை போல இதையும் கதை எழுதி முடிந்தபின் பூசுகின்ற ஒப்பனை என்று நினைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது சரியல்ல. வர்ணனையைக் குறைத்தால் கதை கொஞ்சம் மெலியும். ஒழுங்கை மாற்றினாலோ கதையே மாறிவிடும்.

இதனை நன்றாக அறிந்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவள் பெயர் ஷஹ்ரஸாத்.

'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் தொடக்கம் கொடூரமானது. மனைவியின் துரோகத்தைக் கண்ட ஷஹ்ரியார் மன்னன், ஒவ்வோர் இரவும் ஒரு பெண்ணை மணந்து காலையில் கொன்றுவிடத் தீர்மானிக்கின்றான். நகரில் பெண்பிள்ளைகள் அருகுகின்றார்கள். அப்போது மந்திரியின் மூத்த மகள் ஷஹ்ரஸாத், தன்னை மன்னனுக்கு மணமுடித்துத் தரும்படி தானாகவே கேட்கின்றாள். தந்தை பதறுகின்றார். பதறியவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மகளுக்கு ஒரு கதை சொன்னார். ஓர் எருதுக்கு இரக்கப்பட்டு யோசனை சொன்ன கழுதை, அந்த எருதின் ஏரைத் தானே இழுக்க நேர்ந்த கதை அது. பிறர் துன்பத்தில் தலையிட்டால் உனக்கும் இதுவே கதி என்பது பொருள்.

மகள் அசையவில்லை.

இந்தச் சிறு பகுதியைப் பலரும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ நூலின் திறவுகோல் இங்குதான் இருப்பதாகத் தோன்றுகின்றது. தந்தை சொன்னதும் உயிரைக் காக்கும் நோக்கோடு சொன்ன கதைதான். மகள் சொல்லப்போவதும் அப்படித்தான். தந்தையின் கதையோ முழுமையாக முடிந்த கதை. அறிவுரையும் சேர்த்துக் கட்டப்பட்ட பொட்டலம். கேட்டவளுக்கு அதில் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். அவள் மறுத்தாள். (பெற்றோர்கள் இவ்விடத்தில் ஒரு புன்னகையோடு நிறுத்தி வாசிக்கலாம்.)

ஷஹ்ரஸாத் வேறு விதமாகத் திட்டமிடுகின்றாள். தங்கை துன்யாஸாதை அரண்மனைக்கு அழைப்பிக்கின்றாள். இரவு கழிவதற்காக ஒரு கதை சொல்லும்படி தங்கை கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. கதை மன்னனுக்கு என்று சொல்லப்படவில்லை. தங்கைக்குச் சொல்லப்படுவதை மன்னன் கேட்டுக்கொண்டிருக்கின்றான். அறிவுரை தன்னை நோக்கி வருகின்றது என்ற எச்சரிக்கை அவனுக்கு எழுவதில்லை. விடியும் நேரம் கதை ஒரு நெருக்கடியில் நிற்கின்றது. அவள் மௌனமாகின்றாள். மிச்சத்தைக் கேட்க வேண்டுமென்றால் அவளை உயிரோடு விட வேண்டும்.

ஓரிடத்தில் நிறுத்திவிட்டதால் மட்டும் அவள் தப்பவில்லை. என்ன கதையை நிறுத்தினாள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் இரவின் கதை இது. ஒரு வணிகன் பயணத்தின் நடுவே மரநிழலில் அமர்ந்து பேரீத்தம்பழம் உண்கின்றான், கொட்டையை எறிகின்றான். உடனே வாளோடு ஒரு ஜின் தோன்றி, நீ எறிந்த கொட்டை பட்டு என் மகன் இறந்துவிட்டான், உன்னைக் கொல்லப்போகின்றேன் என்கின்றது. வணிகன் தவணை கேட்டு வீடு சென்று, கடன்களைத் தீர்த்து, சொன்ன நாளில் திரும்பி வருகின்றான். அழுதுகொண்டு காத்திருக்கும் அவனருகே மூன்று முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்கின்றனர். ஒருவரிடம் ஒரு பெண்மான். ஒருவரிடம் இரண்டு நாய்கள். மற்றவரிடம் ஒரு கோவேறு கழுதை. ஜின் வந்ததும் முதல் முதியவர் ஒரு பேரம் பேசுகின்றார். இந்த மானுக்கும் எனக்கும் நடந்ததைச் சொல்கின்றேன். அது உனக்கு வியப்பாக இருந்தால் இந்த மனிதனின் இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை எனக்கு விட்டுத்தர வேண்டும். ஜின் சம்மதிக்கின்றது. மூன்று கதைகள், மூன்று பங்குகள். வணிகன் உயிர் பிழைக்கின்றான்.

இப்போது மன்னனின் இடத்தில் இருந்து இதைக் கேட்டுப் பாருங்கள். காரணம் உண்டென்று எண்ணிக் கையில் வாள் எடுத்த ஒருவன், தெரிந்து எந்தக் குற்றமும் செய்யாத ஒருவன், இடையில் கதைகள். உயிரை விலைக்கு வாங்கும் கதைகள். தன்னைக் கொல்லாதே என்று ஷஹ்ரஸாத் ஒரு தடவைகூட மன்னனிடம் கெஞ்சவில்லை. உள்ளே வைத்த கதை, வெளியே உள்ள கதையின் கண்ணாடியாக நின்று அதைக் கேட்கின்றது. இதைத்தான் கதைக்குள் கதை அல்லது சட்டகக் கதை என்கின்றோம். படத்துக்குச் சட்டம் போடுவது போல ஒரு வெளிக்கதை, அதற்குள் மற்றவை. ஆனால் இந்நூலில் சட்டம் படத்தைச் சுற்றிச் சும்மா நிற்கவில்லை. உள்ளே ஒவ்வொரு முதியவரும் வாய் திறக்கும்போது வெளியே ஒரு பெண்ணின் ஆயுள் ஓர் இரவு நீளுகின்றது.

சட்டகம் ஒரு கதையின் பொருளையே தலைகீழாக்கும் என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று 'கலீலா வ திம்னா'வில் உண்டு. இந்தியாவின் பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்று, அங்கிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபாவினால் அரபுக்கு வந்த நூல் அது. சிங்கமும் முயலும் கதை உங்களுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே தெரியும். தினமும் ஒரு விலங்கைத் தின்னும் சிங்கத்தை முயல் கிணற்றருகே அழைத்துச் சென்று, நீரில் தெரிந்த அதன் நிழலையே எதிரி என்று காட்டிப் பாய வைத்தது. பலத்தைவிடப் புத்தி பெரிது என்று எழுதி முடித்துப் புள்ளியும் வாங்கியிருப்போம்.

மூலநூலில் இந்தக் கதையைச் சொல்வது யார்? திம்னா என்ற நரி. சிங்க அரசனுக்கும் அதன் நண்பனான எருதுக்கும் இடையே பகை மூட்டத் திட்டமிடுகின்றது அது. எருது வலியது, உன்னால் என்ன செய்ய முடியும் என்று கலீலா தடுக்கும்போது, பலமில்லாதவனும் தந்திரத்தால் வெல்லலாம் என்பதற்கு ஆதாரமாக முயலின் கதையை எடுத்து வைக்கின்றது. அதன் சூழ்ச்சியும் பலிக்கின்றது. குற்றமற்ற எருது, நண்பனான சிங்கத்தின் கையாலேயே இறக்கின்றது. பாடப்புத்தகத்தில் ஏழைக்குத் துணை நின்ற கதை, தன் உண்மையான இடத்தில் ஒரு கோள்காரனின் சாட்சியாக நிற்கின்றது. முயல் செய்தது சரி. அதை மேற்கோள் காட்டியவன் நோக்கம் பிழை. நல்ல கதையொன்றைத் தீய காரியத்துக்கும் பயன்படுத்த முடியும் என்ற எச்சரிக்கையை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதை வைக்கப்பட்ட இடம் சொல்லுகின்றது. திம்னா தண்டனையின்றித் தப்புவது அரபு நூலில் பொறுக்கப்படவில்லை போலும். திம்னாவை விசாரித்துத் தண்டிக்கும் ஓர் அத்தியாயம் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றது.

சட்டகத்திலிருந்து தொடக்கத்துக்கு வருவோம். எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்குப் பழைய கிரேக்கக் காவியமான ஹோமரின் 'ஒடிசி' துணிச்சலான விடை ஒன்றைத் தந்திருக்கின்றது. போர் முடிந்து வீடு திரும்ப முடியாமல் கடலில் அலையும் ஒடிசியஸின் கதை அது. மொத்தம் 24 பாகங்கள். அவற்றில் முதல் நான்கில் கதாநாயகனை நாம் காண்பதே இல்லை. தகப்பனைத் தேடும் மகனையும், கணவன் இறந்துவிட்டான் என்று சொல்லி மறுமணத்துக்கு நெருக்கும் கூட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் மனைவி பெனலோப்பியையும் காண்கின்றோம். ஐந்தாம் பாகத்தில்தான் ஒடிசியஸ் வருகின்றான். ஒற்றைக்கண் அரக்கன் போன்ற புகழ்பெற்ற சாகசங்களோ ஒன்பதாம் பாகம் முதல் பன்னிரண்டாம் பாகம் வரை, அந்நிய அரசவை ஒன்றில் அவன் வாயாலேயே பழைய நிகழ்வுகளாகச் சொல்லப்படுகின்றன.

நடுவிலிருந்து தொடங்குதல் என்று இதைச் சொல்வார்கள். விறுவிறுப்புக்காகச் செய்யும் வேலை என்று பலரும் நினைப்பதுண்டு. விறுவிறுப்புத்தான் வேண்டுமென்றால் அரக்கனோடு தொடங்கியிருக்கலாமே! வெறுமையான வீட்டை முதலில் காட்டியதால்தான் பின்னால் ஒவ்வொரு புயலும் எமக்குப் பாரமாகின்றது. அவன் கப்பல் உடையும்போது எமது மனம் கப்பலில் இல்லை, அந்த வீட்டில் இருக்கின்றது. பெனலோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை: மாமனாருக்குக் கஃபன் போன்ற இறுதித் துணி நெய்வதாகச் சொல்லி, அது முடிந்ததும் முடிவு சொல்வதாகத் தவணை கேட்கின்றாள், பகலில் நெய்ததை இரவில் பிரித்துவிடுகின்றாள். இப்படி மூன்று ஆண்டுகள். ஷஹ்ரஸாத் செய்ததும் இதே வேலைதான். இருவரும் சந்தித்துக்கொண்டால் பேச நிறைய இருந்திருக்கும்.

முடிவை மறைத்து வைத்தால்தான் ஆவல் இருக்கும் என்பது இளம் எழுத்தாளர்களின் பெரிய நம்பிக்கை. தமிழின் தலைசிறந்த கதைகளில் ஒன்று அந்த நம்பிக்கையைப் பொருட்படுத்தவே இல்லை. சிலப்பதிகாரத்தின் பதிகம், கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் நூல் தொடங்குமுன்பே சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றது. பதிகம் பிற்காலச் சேர்க்கை என்போரும் உண்டு. அதை விலக்கினாலும், கண்ணகியின் கதை நாட்டில் அறியப்பட்ட கதையே. ஆகவே என்ன நடக்கும் என்று கேட்போர் காத்திருக்கவில்லை. எப்படி அந்த இடத்துக்கு வந்து சேரப்போகின்றது என்று அஞ்சிக் காத்திருக்கின்றார்கள். புகார்க் காண்டத்தில், பொருளெல்லாம் இழந்து திரும்பிய கணவனிடம் கண்ணகி தன் சிலம்பைத் தர முன்வருகின்றாள். அன்பான செயல். முடிவு தெரிந்தவருக்கோ அந்தக் கணம் நெஞ்சில் குத்தும். அந்தச் சிலம்பே மதுரையில் அவனைக் கள்வனாக்கிக் கொல்கின்றது. பிறகு அதே சிலம்பே அரசவையில் உடைந்து, உள்ளிருந்த மாணிக்கத்தால் உண்மையை நிலைநாட்டுகின்றது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். ஒரே அணி மூன்று இடங்களில் வருகின்றது: முதலில் அன்பு, பிறகு பழி, பிறகு சாட்சி.

ஒரு பொருள் இவ்வாறு மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவதை நாம் இன்னோரிடத்தில் ஏற்கனவே அறிவோம். அல்குர்ஆனின் சூரா யூசுஃபை மனித எழுத்தாளரின் உத்திகளோடு வைத்து அளப்பது எமது நோக்கமல்ல. ஆயினும் அதைப் பொருளுணர்ந்து ஓதும் மாணவி ஒருத்தி, அதில் சட்டை மூன்று முறை வருவதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பொய் இரத்தம் பூசப்பட்டுத் தந்தையிடம் கொண்டுவரப்பட்ட சட்டை. பின்புறம் கிழிந்திருந்ததால் குற்றமின்மையை நிரூபித்த சட்டை. யஃகூப் நபி (அலை) அவர்களின் முகத்தில் இடப்பட்டதும் பார்வையை மீட்டுத் தந்த சட்டை. மகனை இழந்த துயரம் சட்டையோடு வந்தது. மகன் கிடைத்த மகிழ்ச்சியும் சட்டையோடு வந்தது. பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் பணியும் கனவு தொடக்கத்திலேயே சொல்லப்படுகின்றது. அதன் பொருள் ஈற்றில்தான் வெளிப்படுகின்றது. கிணறும் அடிமைச் சந்தையும் சிறையும் இடையில் வருகின்றன. கனவை அறிந்தவர் அந்த இருளிலும் நம்பிக்கையோடு செல்கின்றார்.

பிரிந்த பிள்ளை திரும்பச் சேரும் இந்தக் கதைப் போக்கு எமது மண்ணின் எழுத்திலும் தடம் பதித்திருக்கின்றது. அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது. எகிப்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் அசன் தன் குடும்பத்தை அடையும் கதை அது. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று உழைத்த அவர் நாவலுக்குத் தேர்ந்த வடிவமும், அன்றைய வாசகரின் காதுக்கு ஏற்கனவே பழக்கமான கிஸ்ஸாக்களின் வடிவத்துக்கு அருகிலேயே இருந்தது. புதிய இலக்கிய வகை ஒன்றை அறிமுகப்படுத்த விரும்பியவருக்கு அது நல்ல தெரிவு.

யார் சொல்வது என்பது பெரிய விடயம். இங்கே ஓர் எடுத்துக்காட்டோடு நிறுத்துகின்றேன். எமிலி புரொன்டே 1847இல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'வதரிங் ஹைட்ஸ்' நாவலை நமக்குச் சொல்பவர் லொக்வூட் என்ற வாடகைக் குடியிருப்பாளர். அவருக்குச் சொன்னவர் அவ்வீட்டில் வேலை பார்க்கும் நெல்லி. ஓரிடத்தில் கெதரின், ஹீத்கிளிஃப்பை மணப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நெல்லியிடம் சொல்கின்றாள். மறைவில் இருந்த ஹீத்கிளிஃப் அதைக் கேட்டு எழுந்து போய்விடுகின்றான். அடுத்த சில நிமிடங்களில் அவள் அவன்மீது தனக்குள்ள ஆழ்ந்த பற்றைச் சொல்கின்றாள். அதைக் கேட்க அவன் அங்கில்லை. அவன் எழுந்து போனதைக் கண்ட நெல்லி உடனே வாய் திறக்கவில்லை. இரண்டு தலைமுறைகளின் துன்பத்துக்கு வித்தான இந்த இடத்தை, மௌனமாக இருந்த அதே நெல்லிதான் பின்னாளில் எமக்குக் கதையாகச் சொல்கின்றாள். அவள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இக்கேள்வியோடு வாசிக்கும்போது நாவல் இரண்டு மடங்காகின்றது.

இனி எமது மாணவியரின் கதைகளுக்கு வருவோம். தமிழ்த்தினப் போட்டிக்கும் வகுப்புச் சஞ்சிகைக்கும் எழுதப்படும் சிறுகதைகளில் இரண்டு உத்திகள் அளவுக்கு மீறிக் கையாளப்படுகின்றன. ஒன்று, பின்னோக்கு. யன்னலோரம் ஒருத்தி அமர்ந்திருப்பாள். நினைவுகள் பின்னோக்கி ஓடும். கதை முழுவதும் கடந்த காலத்தில் நடந்து முடியும். ஈற்றில் யாராவது கூப்பிட, அவள் நிகழ்காலத்துக்கு வந்து கண்ணீரைத் துடைப்பாள். இதில் பின்னோக்கு என்ன வேலை செய்தது? யன்னலை வெட்டிவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. ஒடிசியஸ் பழங்கதை சொல்வதற்கு ஒரு தேவை இருந்தது: கேட்பவர்கள் மனமிரங்கிக் கப்பல் தந்தால்தான் வீடு போகலாம். முதியவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது. உங்கள் பாத்திரத்துக்கு ஏன் இன்றைக்கு, இந்த மணித்தியாலத்தில் அந்த நினைவு வர வேண்டும்? நினைத்து முடித்தபின் அவள் எதை வேறு விதமாகச் செய்யப்போகின்றாள்? விடை இருந்தால் பின்னோக்கி ஓடலாம். இல்லையென்றால் நேராகவே நடக்கலாம். நேரான கதையில் இழிவு எதுவுமில்லை.

மற்றையது, எல்லாம் கனவு என்ற முடிவு. வாப்பா விபத்தில் சிக்குவார், வீடு எரியும், நண்பி இறப்பாள். கடைசி வரியில் உம்மா தட்டி எழுப்புவார். எழுதியவருக்கு இது திருப்பம்; வாசகருக்கு ஏமாற்றம். இரண்டு பக்கம் அவர் பட்ட கவலைக்கெல்லாம் அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட்டோம். முதலில் சொன்ன கனவு வாக்குறுதி; வாசகர் அதை நம்பிக் கூடவே வருவார். கடைசியில் சொன்ன கனவு, கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது.

நல்ல திருப்பம் வாசகரைப் பின்னே திரும்பிப் பார்க்க வைக்கும். அடகு வைத்த துண்டைக் கண்டதும், கல்யாண வீட்டில் உம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டது ஞாபகத்துக்கு வர வேண்டும். ஆனால் அந்த அசைவை அங்கே ஒரு வரியில், யாரும் பெரிதாகக் கவனிக்காதபடி எழுதியிருக்க வேண்டும். முதல் பிரதியில் இது யாருக்கும் வாய்ப்பதில்லை. முடிவை எழுதியபின் திரும்பி வந்து தொடக்கத்தில் நடுவதே நடைமுறை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கதையின் ஒவ்வொரு காட்சியையும் தனித்தனித் துண்டுக் கடதாசியில் ஒரு வரியாக எழுதி, மேசையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் இரண்டு குறிப்புகள்: இந்த நேரத்தில் வாசகருக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும். இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் கதை உயிரோடு இருக்கின்றது. இரண்டும் எல்லாத் துண்டிலும் ஒன்றாகவே இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரு நிகழ்ச்சி அறிக்கை. வீட்டில் உள்ளவர்களும் இதில் உதவலாம். பிள்ளை எழுதிய கதையை வாசித்ததும் எழுத்துப் பிழை திருத்துவதற்கு முன்னால், எந்த இடத்தில் உங்களுக்கு உண்மை தெரியவந்தது, அது உங்களுக்கு முந்திவிட்டதா பிந்திவிட்டதா என்று சொல்லுங்கள். அதைவிடப் பயனுள்ள விமர்சனம் இளம் எழுத்தாளர் ஒருவருக்குக் கிடைப்பது அரிது.

ஷஹ்ரஸாதின் முடிவு என்னவாயிற்று என்று சிலர் கேட்கலாம். அவள் மன்னனின் பிள்ளைகளுக்குத் தாயாகி, மன்னிப்பும் பெற்று வாழ்ந்தாள் என்று பிந்திய பிரதிகள் சொல்கின்றன. நாம் அறிந்த அலாவுத்தீனும் அலிபாபாவும்கூட அந்நூலின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. 1704 முதல் நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டு வந்த அந்துவான் கலான், அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவரிடம் 1709இல் வாய்மொழியாகக் கேட்டுச் சேர்த்தவை அவை. கலான் பயன்படுத்திய பழைய சிரியக் கையெழுத்துப் பிரதி மூன்று தொகுதிகளாக இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் ஆயிரத்தொரு இரவுகள் இல்லை. 282ஆவது இரவில், கமருஸ்ஸமானின் கதை தொடங்கிச் சற்றுத் தூரம் சென்றதும், பிரதி நின்றுவிடுகின்றது. மன்னிப்பும் இல்லை, மரணமும் இல்லை. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றாள்.